உடம்பு ஏறும் சினைக் குதிரைக்குத் தீவனம்: எதைக் குறைப்பது, எதைக் குறைக்கவே கூடாது

பக்கத்துக் கொட்டகைக் குதிரை இரண்டு வேளையும் கொள்ளு தின்றும் விலா எலும்பு தெரிய நிற்கும். அதே உயரமும் அதே வேலையும் உள்ள இன்னொன்று, சாலையோரப் புல்லை மேய்ந்தே பிடரி தடித்து, முதுகு அகன்று, வாலடியில் சதை வைத்து நிற்கும். ஊட்டியில் சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரைகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இந்த இரண்டு வகையையும் பார்க்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாம் வகைக் குதிரையைப் பற்றியது. அதுவும், அது சினையாக இருக்கும்போது அதற்கு என்ன போடுவது என்பதைப் பற்றியது.

இது ஏன் தனியாக எழுத வேண்டிய விஷயம்? சினை என்று தெரிந்தவுடன் நம்மிடம் இரண்டு விதமான யோசனைகள் வந்து சேரும். "வயிற்றில் குட்டி இருக்கிறது, இன்னும் ஒரு படி கொள்ளு சேர்த்துப் போடுங்கள்" என்பார் ஒருவர். "ஏற்கெனவே கொழுத்துக் கிடக்கிறது, இப்படியே போனால் குட்டி ஈன முடியாது, வயிற்றைக் காயப்போடுங்கள்" என்பார் மற்றொருவர். இருவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் யோசனை குதிரையின் குளம்பைக் கெடுக்கும். இரண்டாவது, அதன் உயிரையே எடுக்கக்கூடும்.

மட்டக் குதிரை இனங்கள் புல் குறைந்த குளிர் நிலங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தவை. கிடைக்கும்போது தின்று கொழுப்பாகச் சேர்த்து, கிடைக்காத மாதங்களில் அதைக் கரைத்து வாழ்வது அவற்றின் உடம்பில் ஊறிய குணம். அந்தக் குணத்தைக் குறை சொல்ல முடியாது. நாம் கட்டிவைத்து வேளாவேளைக்குத் தீவனம் போடும்போது, கரைக்கும் மாதம் வருவதே இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இத்தகைய குதிரைகளில் பலவற்றுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரையும் மாவுச்சத்தும் உள்ளே போனால் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஏறி நிற்கும்; அதுவே குளம்பின் உள்ளே அழற்சியைக் கிளப்பும். சினைக்காலத்தில், குட்டிக்குச் சர்க்கரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, தாயின் உடம்பு இயல்பாகவே இன்சுலினுக்குக் கொஞ்சம் மந்தமாகிறது. ஏற்கெனவே மந்தமான உடம்பில் இதுவும் சேர்ந்துகொள்ளும்.

இனி, இந்தக் கட்டுரையின் மையமான கணக்குக்கு வருகிறேன்.

குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம்; சராசரியாக 340 நாள். முதல் 5 மாதம் வரை சினைக் குதிரைக்குத் தேவையான தீவனம், சினையில்லாத குதிரைக்குத் தேவையானதுதான். குட்டி அப்போது மிகச் சிறியது. அதன் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று, நான்கு மாதத்தில்தான் ஏறுகிறது. அந்தக் கடைசி மாதத்தில் தாயின் தேவை எவ்வளவு கூடுகிறது என்பதைப் பலரும் ஒரே எண்ணாக நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரே எண் அல்ல. 500 கிலோ குதிரைக்கு அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் வெளியிட்ட அளவுகளின்படி, சாதாரண நாளில் 16.7 மெகாகலோரி எரிசக்தி தேவை. 11-ஆம் மாதத்தில் அது 21.4 ஆகிறது. அதாவது கால் பங்குக்குச் சற்று அதிகம். புரதம் 630 கிராமிலிருந்து ஏறக்குறைய 890 கிராமுக்குப் போகிறது. இது 40 சதவீதத்துக்கு மேல். கால்சியமோ 20 கிராமிலிருந்து 36 கிராமுக்கு ஏறுகிறது, 80 சதவீதம். பாஸ்பரஸும் ஏறத்தாழ அதே விகிதத்தில் ஏறுகிறது.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். எரிசக்தி கொஞ்சமாகக் கூடுகிறது. புரதம் அதைவிட வேகமாகவும், தாது உப்புகள் இன்னும் வேகமாகவும் கூடுகின்றன. கொழுத்த குதிரை தன் உடம்பில் சேமித்து வைத்திருப்பது எரிசக்தியை மட்டும்தான். பிடரியில் திரண்டிருக்கும் கொழுப்பிலிருந்து குட்டியின் தசைக்குப் புரதம் வராது. எலும்புக்குக் கால்சியம் வராது. ஈரலில் சேரவேண்டிய தாமிரமும் வராது. எனவே பார்ப்பதற்கு உருண்டு திரண்டிருக்கும் குதிரை, குட்டிக்கு வேண்டிய சத்தில் பஞ்சப்பட்டே இருக்கலாம். உடம்பைப் பார்த்து, சத்து போதும் என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன்.

தாமிரத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. குதிரைப் பாலில் தாமிரம் மிகக் குறைவு. பிறந்தபின் பாலில் கிடைக்காததை, பிறப்பதற்கு முன்பே கடைசி மாதங்களில் குட்டி தன் ஈரலில் சேர்த்துக்கொள்கிறது. அப்போது தாய்க்குக் கிடைக்காமல் போனால், பின்னால் தாய்க்கு எவ்வளவு கொடுத்தாலும் அது பால் வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேராது. குருத்தெலும்பும் மூட்டும் உறுதியாக உருவாவதில் தாமிரத்துக்கு முக்கியமான பங்கு உண்டு.

நீலகிரியின் பருவமும் இதில் வந்து சேருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சினைப்பட்ட குதிரை அடுத்த மார்ச், ஏப்ரலில் குட்டி ஈனும். ஜூன் முதல் நவம்பர் வரை, முதலில் தென்மேற்கு மழையிலும் பிறகு வடகிழக்கு மழையிலும், மலை முழுக்கப் புல் செழித்துக் கிடக்கும். அது சினையின் முதற்பாதி. குட்டிக்கு அதிகம் தேவைப்படாத காலம். தின்பதெல்லாம் தாயின் உடம்பில் கொழுப்பாக ஏறும். டிசம்பர் வாக்கிலிருந்து உறைபனி விழுந்து புல் கருகிப் பழுப்பாகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் மேய்ச்சலில் புரதம் குறைந்து நார் மட்டும் மிஞ்சும். குட்டி வேகமாக வளர்வது அந்த மாதங்களில்தான். தேவையில்லாதபோது வாரி வழங்கி, தேவைப்படும்போது கை விரிக்கிறது மலை. கொடைக்கானலிலும் ஏறத்தாழ இதே நிலைமைதான். நம் தீவன முறை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பனிக்காலத்தில் சரியான பொருளைத் தேர்ந்து கொடுக்க வேண்டும்.

எதையும் குறைப்பதற்கு முன், குதிரை உண்மையிலேயே கொழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சினை வயிறும், நார்ப்புல் தின்று உப்பிய வயிறும், குடல்புழு உள்ள வயிறும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். பனிக்காலத்து ரோமம் வேறு கண்ணை ஏமாற்றும். கையால்தான் பார்க்க வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால், விலாவின் நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் லேசாகத் தேயுங்கள். உங்கள் இடக்கையை விரித்து அதன் புறங்கையை வலக்கை விரலால் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் நல்ல நிலை. கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டியைத் தடவுவதுபோல் இருந்தால் மெலிவு. உள்ளங்கையின் சதைப்பகுதியைத் தொடுவதுபோல் எலும்பே தெரியாமல் அமுங்கினால் கொழுப்பு.

பிறகு பிடரிக்கு வாருங்கள். ரோமத்துக்குக் கீழே கழுத்தின் மேல்விளிம்பை விரல்களுக்கு நடுவில் பிடித்து இருபுறமும் அசைத்துப் பாருங்கள். மெல்லியதாக எளிதில் வளைந்தால் கவலையில்லை. தடித்து, இறுகி, அசைய மறுத்தால் அது உடம்பின் மற்ற இடத்துக் கொழுப்பைவிட அபாயமானது. இன்சுலின் கோளாறோடு நெருங்கிய தொடர்புள்ளது. தோளுக்குப் பின்புறமும் வாலடியின் இரு பக்கமும் பொதபொதவென்று இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டெக்சாஸில் ஹென்னெக் 1983-இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சினைக் குதிரை 5-க்கும் 6-க்கும் இடையில் இருப்பது நல்லது. 8, 9 என்றால் கொழுப்பு நோய். மாதம் ஒருமுறை அதே இடங்களைத் தொட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் எழுத்தில் தெரியும்.

எடையை அறிய ஒரு தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் எலும்பு முனைவரை ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். மார்பு 145, நீளம் 135 என்றால் ஏறக்குறைய 239 கிலோ. கடைசி மாதங்களில் இந்தக் கணக்கு சரியாக வராது. எனவே சினையின் தொடக்கத்திலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தாயின் எடை முழுச் சினைக்காலத்திலும் 12 முதல் 16 சதவீதம் ஏறுவது இயல்பு. குட்டி மட்டுமே பிறக்கும்போது தாயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கும்.

நிறைய தீவனம் போட்டால் குட்டி பெரிதாகிச் சிக்கிக்கொள்ளும் என்று சிலர் பயப்படுகிறார்கள். வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் 1938-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றி ஓரளவு தெளிவு தருகிறது. மிகப் பெரிய ஷயர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் அவர்கள் மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். பெரிய தாய்க்குப் பிறந்த குட்டி பெரிதாகவும், சிறிய தாய்க்குப் பிறந்தது சிறிதாகவும் இருந்தன; தந்தை எவ்வளவு பெரியது என்பது பிறந்த எடையை ஆட்டிவைக்கவில்லை. குட்டியின் அளவை முதன்மையாக வரையறுப்பது தாயின் கருப்பை. எனவே குட்டி சிறியதாகப் பிறக்கட்டும் என்று தாயைப் பட்டினி போடுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் தாயின் மிகுந்த கொழுப்பு குட்டியின் இன்சுலின் செயல்பாட்டையும் மூட்டுகளையும் பாதிக்கிறது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கொழுப்பை அப்படியே விட்டுவிடுவதும் சரியல்ல.

பட்டினியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். கொழுத்த மட்டக் குதிரை திடீரென்று தீவனத்தை இழந்தால், உடம்பு சேமித்த கொழுப்பை ஒரே வீச்சில் ரத்தத்தில் கொட்டுகிறது. ஈரலால் அதைச் சமாளிக்க முடிவதில்லை. இதற்கு ஹைப்பர்லிபீமியா என்று பெயர். மட்டக் குதிரைகளிலும் கழுதைகளிலும், அவற்றிலும் கொழுத்த சினைப் பெட்டைகளில், இது அதிகமாக வருகிறது. ரத்தம் எடுத்துச் சோதனைக் குழாயில் நிறுத்தி வைத்தால், மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர் பால்போல வெளுத்துக் கலங்கியிருக்கும். அந்த நிலைக்கு வந்த குதிரையைக் காப்பாற்றுவது கடினம். மருத்துவம் பார்த்தும் இறப்பவை பல. நாம் வேண்டுமென்று பட்டினி போடாவிட்டாலும் இது வரும். நெடுந்தூரம் வண்டியில் ஏற்றிச் செல்வது, பல்வலி, காய்ச்சல், வேறு குதிரை விரட்டித் தீவனம் தின்னவிடாமல் செய்வது என எது காரணமானாலும், சினைக் குதிரை ஒரு நாள் தீவனத்தில் வாய் வைக்கவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். சோர்ந்து தலை தொங்குவது இன்னும் அவசரமான அறிகுறி.

அப்படியானால் குறைப்பது எப்படி? முதலில், எப்போது என்பதைப் பார்ப்போம். உடம்பைக் கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் அதற்குரிய காலம் சினையின் முதற்பாதி. நம் கணக்கில் மழைக்காலம். 7-ஆம் மாதத்துக்குப் பிறகு இறக்க முயல வேண்டாம். மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். குறைக்க வேண்டியது எரிசக்தியை மட்டும். கொள்ளு, ஓட்ஸ், மக்காச்சோளம், வெல்லம், ரொட்டி ஆகியவை நிற்கட்டும். புல் நிற்கக் கூடாது. உலர்ந்த எடையில் கணக்கிட்டால், நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் நார்த்தீவனம் கட்டாயம் போக வேண்டும். 250 கிலோ குதிரைக்கு அது 3.75 கிலோ உலர் எடை. காய்ந்த புல்லாகப் போட்டால் 4 கிலோவுக்குச் சற்று அதிகம். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் அதே சத்துக்கு 19 கிலோ வரை வேண்டும். நாள் முழுதும் பச்சை மேய்ச்சலில் அவிழ்த்துவிட்ட மட்டக் குதிரை இதைவிட எவ்வளவோ அதிகம் தின்றுவிடும். எனவே மேய்ச்சல் நேரத்தைக் குறைத்து, மீதியைக் கொட்டகையில் காய்ந்த புல்லாகக் கொடுங்கள். சூடடிக்கும் மாட்டுக்குக் கட்டும் வாய்க்கூடைபோல, அடியில் சிறு துளை விட்ட கூடையைக் கட்டி மேயவிடுவதும் பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது; தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். குதிரையின் இரைப்பை சிறியது, ஓயாமல் அமிலம் சுரப்பது. அளவைக் குறைத்தாலும் நேரத்தை நீட்டுங்கள். சிறு கண்ணுள்ள கயிற்று வலையில் புல்லை அடைத்துத் தொங்கவிட்டால், ஒரு மணி நேரத்தில் தீர்வது இன்னும் கூடுதல் நேரம் நிற்கும்.

புல்லிலும் விஷயம் இருக்கிறது. ஊட்டியின் புல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் பாய்போல அடர்ந்து படர்வது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்கூயுப் புல். மாட்டுக்கு அருமையான தீவனம். குதிரைக்கு அதில் ஒரு குறை உண்டு: அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், புல்லிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் உடம்பில் சேரவிடுவதில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதோடு தவிட்டையும் வாளி வாளியாகப் போட்டால் நிலைமை மோசமாகும். கோதுமைத் தவிட்டிலும் அரிசித் தவிட்டிலும் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போலப் பல மடங்கு. குதிரைக்குக் கால்சியம் எப்போதும் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். முக எலும்பு உப்பும், பல் ஆடும், காரணம் தெரியாமல் நொண்டும். மாவு ஆலைகளில் தவிட்டையே தின்று வாழ்ந்த குதிரைகளில் ஒருகாலத்தில் இது பேர்போன நோய். சினைக் குதிரையில் குட்டியின் எலும்புக்கும் அதே கால்சியம்தான் போக வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் உதவிக்கு வருவது குதிரை மசால். கோவை, ஈரோடு போன்ற சமவெளிப் பகுதிகளில் பயிராகிற இந்தப் பயறுவகைத் தீவனத்தில், காய்ந்த நிலையில் 17 முதல் 20 சதவீதம் புரதம் இருக்கிறது. கால்சியம் 1 கிலோவுக்கு 12 கிராமுக்கு மேல். எரிசக்தியோ தானியத்தைவிடக் குறைவு, மாவுச்சத்து அதிகமில்லை. கடைசி மூன்று மாதத்தில் சினைக் குதிரைக்குக் கூடுதலாக வேண்டியது இதுதான் என்று சொல்லும்படி அமைந்த தீவனம் இது. மேலே ஏற்றி வரும் செலவு இருக்கத்தான் செய்யும். ஆனால் நாளுக்கு ஒரு கிலோ போதும் என்பதால், கொள்ளு மூட்டையில் மிச்சம் பிடித்த பணத்தை இதில் போடலாம். வாங்கும்போது கட்டைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். இலை காம்போடு ஒட்டியிருக்க வேண்டும். சத்தெல்லாம் இலையில்தான் இருக்கிறது. இலை உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். முகர்ந்தால் நல்ல காய்ந்த புல் மணம் வர வேண்டும். மக்கிய வாடையோ வெண்தூசியோ இருந்தால் பூஞ்சை என்று அர்த்தம். நீலகிரியின் ஈரத்தில் நல்ல கட்டும் தரையில் கிடந்தால் பூத்துவிடும். பலகை போட்டு அடுக்குங்கள்.

கொள்ளைப் பற்றிச் சொல்லாமல் குதிரைத் தீவனம் முடியாது. கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடுவதும் குதிரையின் இயல்பு, பழமொழியே சொல்லிவிட்டது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற இன்னொரு பழமொழியை நம்பி, கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று குதிரைக்கும் அள்ளிப் போடுவார்கள். அந்தக் கணக்கு குதிரைக்குப் பொருந்தாது. கொள்ளில் 22 சதவீதம் புரதம் இருப்பது உண்மை. மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து என்பதும் உண்மை. படி படியாகப் போட்டால் உடம்பு ஏறும், குளம்புக்கும் ஆபத்து. ஆனால் கொள்ளை முற்றிலும் விலக்கச் சொல்லவும் எனக்கு மனம் இல்லை. மசால் கிடைக்காத வாரத்தில், ஊறவைத்து நன்றாக வேகவைத்த கொள்ளு, உலர்ந்த எடையில் 200 அல்லது 250 கிராம், கடைசி மாதங்களில் புரதத்துக்குத் துணையாகப் போடலாம். பச்சையாகப் போடாதீர்கள்; புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, வேகும்போதுதான் அது அழியும். சோயாப் பிண்ணாக்கும் இதே வேலையைச் செய்யும். கடலைப் பிண்ணாக்கு இந்த மலையின் ஈரத்தில் பூஞ்சை நஞ்சு பிடிக்க எளிதில் இடம் கொடுக்கும் என்பதால் சினைக் குதிரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேரட் நம் ஊரில் மலிவு. உடைந்ததும் கோணலுமாகக் கழித்த கேரட் மூட்டையாகவே வந்து சேரும். 1 கிலோவில் ஏறக்குறைய 45 கிராம் சர்க்கரை இருக்கிறது. 5 கிலோ கொட்டினால் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரையைக் கொட்டியதற்குச் சமம். அதே நேரம், பச்சைப் புல் கருகிய மாதங்களில் வைட்டமின் ஏ-க்கு மூலப்பொருள் கேரட்டில் நிறைய இருக்கிறது. எனவே இரண்டு மூன்று கேரட், நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முட்டைக்கோஸ் இலையும் காலிஃபிளவர்க் கழிவும் வாயுவை உண்டாக்கும். உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம். சவாரிக்கு வருகிற குழந்தைகள் ஆசையாக ஊட்டும் சோளமும் பிஸ்கெட்டும் கணக்கில் சேருபவைதான். சினை என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் இரண்டும் குதிரையின் பக்கமே வரக் கூடாது. அவற்றில் சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் நன்மை செய்யும் அளவே குதிரையின் இதயத்தைச் சிதைத்துக் கொன்றுவிடக்கூடும். தாது உப்புக் கலவையையும் மருத்துவரிடம் கேட்டுக் குதிரைக்கென்று உள்ளதை வாங்குங்கள். ஒன்றே போதும். இரண்டு மூன்றைச் சேர்த்தால் செலினியமும் அயோடினும் அளவு மீறும். அயோடின் மிகுந்தாலும் குட்டி தொண்டைக்கழலையோடு பிறக்கும். சாதாரண உப்பு 250 கிலோ குதிரைக்கு நாளுக்கு 12 முதல் 15 கிராம், சுமை ஏற்றி வியர்த்தால் இன்னும் கொஞ்சம்.

இப்போது 250 கிலோ குதிரைக்கு 10, 11-ஆம் மாதக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். எரிசக்தி 10.7 மெகாகலோரி, புரதம் 446 கிராம், கால்சியம் 18 கிராம், பாஸ்பரஸ் 13 கிராம் வேண்டும். உலர் எடையில் 4 கிலோ சுமாரான காய்ந்த புல், 7 சதவீதப் புரதம் என்று வைத்தால் 280 கிராம் தரும். 1 கிலோ மசால் 180 கிராம். மொத்தம் 460 கிராம்; புரதம் நிறைந்துவிட்டது. மசாலின் கால்சியத்தோடு புல்லின் கால்சியமும் சேர்ந்து தேவையைத் தாண்டும். எரிசக்தி ஏறக்குறைய 9.9 வரும். குறைகிற சிறிதளவை அது தன் பிடரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். நமக்கும் அதுதானே வேண்டும். பாஸ்பரஸ் மட்டும் இரண்டு, மூன்று கிராம் குறையும். அதற்கு ஏறக்குறைய 200 கிராம் தவிடு சரியான மருந்து. மசால் தருகிற மிகைக் கால்சியத்துக்கு எதிரே அந்தத் தவிடு சமன் செய்யும். அதில் தாது உப்புக் கலவையை நனைத்துப் பிசைந்து கொடுத்தால் மிச்சம் வைக்காமல் தின்னும். கருப்பை பெரிதாகி வயிற்றில் இடம் சுருங்கும் காலம் என்பதால் நாளைக்கு நான்கைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். நெல் வைக்கோலில் புரதம் 4 சதவீதம்கூடத் தேறாது. அதை மட்டும் போட்டுக் கடைசி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

உறைபனி நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். பகலில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போது புல் சர்க்கரை செய்து சேர்க்கிறது. இரவில் குளிர் மிகுந்தால் வளர்ச்சி நின்றுபோய், அந்தச் சர்க்கரை செலவாகாமல் இலையிலேயே தங்குகிறது. பனி பூத்த காலையில் அவிழ்த்துவிடாமல் கொட்டகையில் காய்ந்த புல்லைக் கொடுங்கள். அந்தப் புல்லிலும் சர்க்கரை மிகுதி என்று சந்தேகம் இருந்தால், அரைமணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் போடலாம். குளிருக்காகக் கொள்ளு கூட்ட வேண்டியதில்லை. நார்ப்புல் பெருங்குடலில் புளித்துச் செரிக்கும்போது வெளிவரும் வெப்பமே குதிரையைச் சூடாக வைத்திருக்கும்.

தினமும் தண்ணீர் வைக்கும்போது குளம்பையும் தொட்டுப் பாருங்கள். குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்புறத்தில், இரு ஓரங்களிலும் விரலை லேசாக அழுத்தினால் நாடி மெலிதாகத் தட்டுப்படும், சில நேரம் தட்டுப்படாமலும் இருக்கும். அது விரலைத் தள்ளுவதுபோல் அடித்தால், குளம்பும் சுட்டால், திரும்பும்போது தயங்கினால், முன்னங்காலை நீட்டிப் பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றால், அது லேமினைடிஸ் என்னும் குளம்பு அழற்சி. நடக்க வைக்காமல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

மேய்ச்சலில் உள்ள களைகளையும் சொல்லியாக வேண்டும். காய்ந்த மாதங்களில் பசித்த குதிரை வழக்கமாகத் தொடாததையும் கடிக்கும். ஓடையோரங்களிலும் வெட்டிவிட்ட காட்டோரங்களிலும் செந்தண்டும் வெள்ளைப் பூங்கொத்துமாக அடர்ந்து நிற்கும் யூபடோரியம் குதிரையின் நுரையீரலைத் தழும்பாக்குகிறது. போன நுரையீரல் திரும்ப வராது. சரிவுகளில் படரும் பெரிய பெரணி வைட்டமின் பி1-ஐ அழித்து நரம்பைத் தளரச் செய்யும். உண்ணிச்செடியும் ஈரலுக்கு நஞ்சு.

வேலையை முழுதாக நிறுத்த வேண்டாம். கொழுத்த குதிரைக்கு நடை மருந்து. இன்சுலின் வேலை செய்வதற்கு அதைவிட மலிவான வழி இல்லை. 7-ஆம் மாதம் வரை மிதமான சவாரி, அதன்பின் ஆள் ஏறாமல் கையில் பிடித்து நடை, கடைசி மாதத்தில் அது தானாக நடமாட இடம். குட்டி ஈனுவதற்கு நாலைந்து வாரம் முன்பு டெட்டனஸ் தடுப்பூசி போட்டுவிட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும்.

குட்டி பிறந்த அன்றிலிருந்து கணக்கு தலைகீழாக மாறும். 500 கிலோ குதிரைக்கு எரிசக்தித் தேவை 31.7 மெகாகலோரிக்குத் தாவுகிறது. புரதம் சாதாரண நாளைவிட இரண்டரை மடங்கு, கால்சியம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உடம்பின் கொழுப்பைக் கரைப்பதற்குப் பட்டினியைவிட நல்ல வழி இதுதான். பாலாக அது போய்ச் சேரட்டும். அப்போது புல்லைத் தாராளமாக்கி, மசாலை இரண்டு கிலோ வரை ஏற்றுங்கள். எந்த மாற்றத்தையும் 7 முதல் 10 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். விலா எலும்பு புறங்கை எலும்பைப்போலத் தட்டுப்படத் தொடங்கும்வரை தானியம் தேவையில்லை. அதற்கும் கீழே இறங்கினால்தான் வேகவைத்த கொள்ளைக் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பால் குறையும், குட்டி புல்லைக் கடிக்கும். ஊட்டியில் அது மழை பிடித்து மலை மறுபடி பச்சையாகும் நேரம் என்பதால், மசாலை அப்போதே குறைத்து, வலையையும் வாய்க்கூடையையும் மறுபடி பயன்படுத்தத் தொடங்குங்கள்.